தலைக்கு 40,000 ரூபாய்: இலங்கையா, மலேசியாவா, தாய்லாந்தா?

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் நண்பர்கள் கூட்டமாக வெளிநாடு போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் தாய்லாந்துதான். அடுத்த வாரம் யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பேக்கேஜ் விளம்பரத்தைப் போடுவார். அதற்கடுத்த வாரம் குரூப் அமைதியாகிவிடும். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு அந்தத் தொகை கட்டாது, அதை எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சம்.

எங்கள் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒருவர் காசிமேட்டு விசைப்படகில் போகிறவர். ஒருவருக்கு எண்ணூரில் ஷிப்ட் வேலை, ஒருவர் உணவு டெலிவரி, ஒருவர் சவுகார்பேட்டை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார், மீதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள். சம்பளக்காரருக்கு லீவு போட்டாலும் சம்பளம் வரும். நாள் கூலிக்காரர் ஆறு நாள் ஊரில் இல்லையென்றால் ஆறு நாள் வருமானமும் போகிறது. அவருடைய உண்மையான செலவு டூர் செலவும் அந்த இழப்பும் சேர்ந்தது. ஆகவே யாருக்குக் கை இறுக்கமோ அவரிடம் தனியாகப் பேசி, அவரால் முடிகிற தொகையைக் கேட்டு, அதற்குள் அடங்கும் நாட்டைப் பார்ப்பதுதான் நியாயம். எங்களுக்கு வந்த தொகை 40,000. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து எல்லாம் அதற்குள்.

இந்தத் தொகையை வைத்ததும் சில நாடுகள் தாமாகவே விலகிவிடும். சிங்கப்பூருக்கு விசா எடுக்க வேண்டும், 30 சிங்கப்பூர் டாலர் கட்டணம், மேலே ஏஜென்ட் கூலி. அங்கே ரூம் வாடகையும் நம்மைத் தாங்கவிடாது. வியட்நாமுக்கு ஆன்லைன் விசா 25 டாலர்தான், ஊரும் சல்லிசு, ஆனால் டிக்கெட்டில் அடிபடும். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். ஆனால் சென்னையிலிருந்து மாறி மாறித்தான் போக வேண்டும், ரயிலும் பஸ்ஸுமாகப் போனால் பாதி லீவு வழியிலேயே தீர்ந்துவிடும். பூட்டானில் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணமே இருக்கிறது. மிஞ்சுவது இலங்கை, மலேசியா, தாய்லாந்து.

நாட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட்

எல்லோரும் அவரவர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து ஒரே மேஜையில் வைத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பவருக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. வடசென்னையில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் முகவரி. வியாசர்பாடியிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போன நண்பருக்கு ஆதாரில் இன்னும் பழைய முகவரியே இருக்கும். போலீஸ் விசாரணைக்குப் பழைய தெருவுக்கு ஆள் வந்து, "அப்படி யாரும் இல்லை" என்று பதில் போனால் கதை இழுத்துக்கொண்டே போகும். ஆதார் முகவரியை முதலில் மாற்றிவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

அப்புறம் பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர் பெட்டியை நிரப்பாமல் விடமாட்டார்கள். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், சில வேறு மாதிரி சொல்லும். டிக்கெட் போடும் முன் அந்தந்த விமான நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் சொல்வது போலவே போடுங்கள். நாமாக இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிட்டால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாது. துபாய் ஆசையில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது.

பத்தாம் வகுப்பு தேறாத நண்பர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, இருக்கும். மலேசியா, தாய்லாந்து இரண்டுமே இ.சி.ஆர். பட்டியலில் உள்ள நாடுகள் என்பதால் "உன்னை விடமாட்டாங்க" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குத் தேவையில்லை. ஆனால் குடியேற்ற அதிகாரி கூடுதலாக நாலு கேள்வி கேட்கலாம். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், கையிருப்பு இவற்றை அவரே தன் கையில் வைத்திருக்க வேண்டும். குரூப் லீடர் போனில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காக யாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று அழுத்தியே சொல்கிறேன்.

இலங்கை

மூன்றில் செலவு குறைந்தது இதுதான். கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடும். யாழ்ப்பாணம் பலாலிக்கும் சென்னையிலிருந்து நேரடிச் சேவை உண்டு. சிறிய விமானம் என்பதால் மூட்டை முடிச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, கொஞ்ச நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடலில் சுமார் நான்கு மணி நேரம்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு அதில்தான் கண். எழும்பூரில் இரவு காரைக்கால் ரயிலைப் பிடித்தால் விடியலில் நாகப்பட்டினம். கடல் தெரிந்த ஆட்களோடு கடல் வழியாக ஒரு நாட்டுக்குப் போவது தனிச் சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நிறுத்தப்படும், மற்ற மாதங்களிலும் காற்றடித்தால் ரத்தாகும். திங்கட்கிழமை காலை ஷிப்ட்டில் ஏற வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை காங்கேசன்துறையில் மாட்டிக்கொண்டால் அவருக்கு யார் பதில் சொல்வது? போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலை பாதியாகக் குறையும்.

தரையில் எட்டுப் பேருக்கு அங்கே தோதான ஏற்பாடு டிரைவரோடு வேன். கே.டி.எச். வேன் என்றால் யாரும் காட்டுவார்கள். நாள் வாடகை, கிலோமீட்டர் வரம்பு, டிரைவர் தங்குமிடம் யார் பொறுப்பு, மூன்றையும் வண்டியில் ஏறும் முன் பேசி முடித்துக்கொண்டால் தலைக்குச் செலவு நன்றாகக் குறையும். வேன் வேண்டாமென்றால் பஸ் இருக்கிறது, இன்னும் மலிவு. யாழ்ப்பாணத்தில் நல்லூர், நூலகம், நயினாதீவு, கீரிமலை. காலையில் இடியாப்பமும் சொதியும், ராத்திரியில் கொத்து ரொட்டி. மொழிச் சிக்கல் இல்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை அந்தோணியார் கோயில் பக்கம் போனால் ராயபுரத்து ஆட்களுக்கு அந்நியமாகவே தோன்றாது. சிகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவர் டிக்கெட் டாலரில் இருக்கும், கொஞ்சம் உறைக்கும். நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குச் சலுகை விலை உண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

மலை ரயிலுக்காகவே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைப் பகுதியும் தண்டவாளங்களும் மோசமாக அடிபட்டன. எல்ல என்ற மலையூர் வரைக்கும் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். நுழைவு அனுமதி விதியும் அடிக்கடி மாறியிருக்கிறது, அரசு இணையதளத்தில் மட்டும் பாருங்கள். பணத்துக்கு நம் யு.பி.ஐ. 2024 பிப்ரவரி முதல் அங்கே வேலை செய்கிறது. எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், ரொக்கமும் இருக்கட்டும்.

ஐந்து நாளுக்கு, நிதானமாகச் செலவு செய்தால், என் கணக்கில் 30,000 ரூபாய்க்குள் முடியும்.

மலேசியா

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றார்கள், அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரப் பறப்பு. மலிவு டிக்கெட்டில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான். எட்டுப் பேருக்கும் தனித்தனியாக லக்கேஜ் வாங்காமல் இரண்டு பெரிய பைக்கு மட்டும் பணம் கட்டி எல்லோரும் பகிர்ந்துகொண்டால் போதும்.

இந்த நாட்டின் பெரிய பலம் சாப்பாடு. மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் பல இரவு முழுக்கத் திறந்திருக்கும். ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), தோசை, நாசி கண்டார் (சோறும் குழம்பும்), தே தாரிக் (ஆற்றிய டீ). பினாங்கு நாசி கண்டாரே அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம்தான். வாய்க்குப் பிடித்த சாப்பாடு சல்லிசாகக் கிடைத்தால் டூர் பட்ஜெட் உடையாது. எங்கே உடையும் என்றால் மதுவில். அங்கே வரி அதிகம், பீர் விலை கேட்டால் மனசு மாறிவிடும். அதற்காகவே போகிற கூட்டம் வேறு நாடு பார்க்கலாம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலுக்குத் தலைக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் என்பதால், எட்டுப் பேருக்கு 440 ரிங்கிட் என்பது ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அதே கே.எல். சென்ட்ரலுக்குப் பஸ்ஸில் போனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இந்த மாதிரி இடத்தில்தான் ஒரு கூட்டம் பணத்தை விடுகிறது. பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்தே லோக்கல் ரயில் உண்டு, சில ரிங்கிட்தான்; மலையடிவாரத்திலேயே நிற்கும். 2006இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படி. வெயிலுக்கு முன் காலையிலேயே ஏறிவிடுங்கள். ஊருக்குள் சுற்ற சிட்டி பஸ் இருக்கிறது.

தங்க, மூன்று ரூம் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் கூட்டத்துக்கு நன்றாக ஒத்துவரும். சமையலறை, வாஷிங் மெஷின் இருக்கும். ஹோட்டல் என்றால் வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. விளம்பர விலையில் இதைச் சேர்க்காமல் போடுவார்கள், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து படகில் பினாங்கு. கெடாவில் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு, ராஜேந்திர சோழன் படை 1025இல் போன கடாரம். வரலாற்றில் ஆசையுள்ளவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தால் அவருக்காக ஒரு நாள் ஒதுக்கலாம்.

ஆறு நாளுக்கு 35,000 முதல் 40,000. டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்னால் எடுத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

தாய்லாந்து

இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவை 2023 நவம்பரில் தொடங்கினார்கள். விதியை அவ்வப்போது திருத்துகிறார்கள், அதனால் டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகத் தளத்தை ஒருமுறை பாருங்கள். 2025 மே 1 முதல் இங்கும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம், இதுவும் இலவசம்தான்.

ஊர் விலை குறைவு என்பது உண்மை. தெருவோரச் சாப்பாடு நல்லது, மலிவு. ஆனால் பலவற்றில் மீன் சாறு கலந்திருக்கும். சுத்த சைவக்காரர் ஒருவர் இருந்தால் இந்திய ஹோட்டலைத் தேட வேண்டும், அங்கே விலை வேறு. மொழியும் இடிக்கும். பெரிய செலவு ஆக்டிவிட்டியில். பட்டாயாவில் கோரல் ஐலண்ட் டூர் என்று ஸ்பீட்போட்டில் ஏற்றி, நடுக்கடலில் மேடையில் இறக்கி, பாராசெய்லிங்குக்குத் தனியாக வாங்குவார்கள். அதே கோ லான் தீவுக்கு பாலிஹாய் படகுத்துறையிலிருந்து உள்ளூர் மக்கள் போகிற படகு 30 பாட். ஒரு பாட் மூன்று ரூபாய் என்று வைத்தாலும் 90 ரூபாய். ஜெட்ஸ்கி எடுத்தால், ஏறும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்பது அங்கே பழைய தகராறு. வேப் (மின் சிகரெட்) சட்டவிரோதம், பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இந்த நாட்டைப் பற்றி வடசென்னைப் பசங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மண்ணடி, பர்மா பஜார் பக்கம் குருவி, அதாவது அடுத்தவர் சரக்கை விமானத்தில் சுமந்து வருகிறவர், என்றால் எல்லோருக்கும் தெரியும். "டிக்கெட்டு நான் போடறேன் மச்சான், வரும்போது ஒரு பை மட்டும் எடுத்துனு வா" என்று யாராவது சொன்னால் அந்த நண்பரை டூரில் சேர்க்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் உயர்ரகக் கஞ்சா, தங்கம், குரங்கு, பாம்பு என்று சென்னை விமான நிலையத்தில் தொடர்ந்து பிடிபடுகிறது. மாட்டுவது அனுப்பினவர் அல்ல, பை தூக்கினவர். போதைப்பொருள் சட்டத்தில் போனால் ஜாமீனே கஷ்டம். அதே போல, டூர் முடிந்து அங்கேயே டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டி, எல்லை தாண்டி மியான்மர் மோசடி முகாம்களில் அடைத்த சம்பவங்கள் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கே நடந்திருக்கின்றன. எட்டுப் பேர் போனால் எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும்.

செலவு, ஆறு நாளுக்கு 45,000 பக்கம் போகும். ஆக்டிவிட்டியைத் தவிர்த்தால் குறையும்தான், ஆனால் அங்கே போய் யாரும் தவிர்ப்பதில்லை.

பேக்கேஜா, நாமே போடுவதா

மண்ணடி, பாரிமுனையில் டிராவல்ஸ்காரர்கள் நிறைய. முதல் தடவை போகிறவர்களுக்குப் பேக்கேஜ் ஒரு தைரியம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் விளம்பரத் தொகை இருவர் ஒரு ரூம் என்ற கணக்கில் இருக்கும். ஏழு பேர் என்றால் ஒருவர் தனி ரூமுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். மதியச் சாப்பாடு, டிரைவர் டிப்ஸ், நுழைவுக் கட்டணம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம், ஆனால் அது பணம் கட்டியவரின் பான் எண்ணில்தான் ஏறும். எட்டுப் பேர் பணத்தையும் ஒருவரே கட்டினால் எட்டுப் பேர் வரியும் அவர் கணக்கில் போய் உட்காரும். அவரவர் அவரவர் பெயரில் கட்டுவது சுத்தம்.

நாமே போடுவதாக இருந்தால், எட்டு டிக்கெட்டை ஒரே தேடலில் போடாதீர்கள். மலிவு விலையில் நாலு சீட்தான் மிச்சமென்றால், எட்டுப் பேருக்கும் சேர்த்து உயர்ந்த விலையைக் காட்டும். இரண்டு இரண்டாகப் பார்த்தால் சிலருக்குக் குறையும். குறைந்ததை எட்டுப் பேரும் பங்கிட்டுக்கொள்ளலாம். கார்டு தேய்த்தால் வங்கி இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும். உரிமம் உள்ள கடையில் கொஞ்சம் ரொக்கமாக மாற்றிக்கொண்டு, மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) ஒன்று போதும்.

பணம் சேர்க்க, நமக்குத் தெரிந்த சீட்டு முறையே சரி. மாதம் 4,000, பத்து மாதம், தலைக்கு 40,000. ஒருவர் பொறுப்பு, மாதாமாதம் குரூப்பில் வரவைப் போட வேண்டும். முதல் மூன்று மாதம் கட்டியதில் டிக்கெட் எடுத்துவிட்டால் பின்வாங்குகிறவர் குறைவார். இடையில் ஒருவர் விலகினால் அவர் டிக்கெட் பணம் திரும்பாது, மீதி திரும்பும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயம் பேசாமல் விட்டதால்தான்.

மாதத்தைப் பொறுத்தவரை, மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. காசிமேட்டு நண்பருக்கு அப்போது ஓய்வு, ஆனால் வருமானமும் இல்லை. சீட்டை அதற்கு முன்னாலேயே முடிக்கும்படி வைத்தால் அவருக்கு வசதி. மே மாதத்திலிருந்து இலங்கையில் கொழும்பு, காலி நகரங்கள் பக்கம் மழை, அப்போது திருகோணமலைப் பக்கம் நல்ல வெயில். தாய்லாந்தின் ஃபுக்கெட்டிலும் மேயிலிருந்து அக்டோபர் வரை மழை. கோலாலம்பூரில் எந்த மாதமும் சாயங்காலம் ஒரு மழை வரலாம், அதனால் திட்டம் கெடாது.

ஆகவே என் முடிவு இது. எல்லோருக்கும் ஆறு நாள் கிடைத்து, 40,000 சேர்ந்தால் மலேசியா. யாராவது ஒருவருக்கு நாலைந்து நாள்தான் முடியும், அல்லது 30,000தான் முடியும் என்றால், தயங்காமல் எட்டுப் பேரும் இலங்கை. தாய்லாந்தை அடுத்த சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் விமான நிலையத்துக்கு விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ நேராகப் போகிறது, தண்டையார்பேட்டையில் ஏறினால் மாற வேண்டியதில்லை. வண்டி இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும், நள்ளிரவு விமானமென்றாலும் எட்டு மணிக்கே ஏறிவிடுங்கள்.